முன்னும் பின்னும் ஒன்றே! பாராயணத்துக்குப் பயனுள்ள குறிப்புகள்

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுப் பதிகம் படிக்க உட்காரும் தோழிகளே! ராகம் வந்துவிடுகிறது, வரிகள் வழுக்குகின்றன, பொருள் பாதிதான் ஏறுகிறது என்பதுதானே நம் எல்லோருடைய குறையும்? நம் பழைய பாட்டுகளில், இன்னும் சொல்லப்போனால் பிற மதத்து வேத நூல்களிலும், போன வழியே திரும்பி வரும் அமைப்பு ஒன்று உண்டு. எழுத்து திரும்பும், சொல் திரும்பும், சில இடங்களில் கதையே திரும்பும். இந்தக் கண்ணாடி அமைப்பைக் கண்டுபிடித்துவிட்டால் மனப்பாடத்தில் பாதி வேலை மிச்சம், உரை புரட்டும் நேரமும் மிச்சம். எங்கள் விருத்தாசலத்துப் பூஜை அறையிலும் சமையலறையிலும் கைகொடுக்கிற சில உபாயங்கள் இதோ.

1. பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது எடுத்தவுடன் தேவாரத்தில் கை வைக்க வேண்டாம். விகடகவி, மேளதாளமே, தேரு வருதே, மோரு போருமோ என்று ஆரம்பியுங்கள். மாங்காய் சீசனில் 'மாவடு போடுவமா' என்று கேட்டுவிட்டு அதைப் பின்னாலிருந்து படிக்கச் சொல்லுங்கள், பிறகு பிள்ளைகள் உங்களை விட மாட்டார்கள்.

2. எழுத்தை எண்ணும்போது புள்ளி எழுத்தை விட்டுவிடாதீர்கள். 'தாத்தா' இரண்டு எழுத்தல்ல, நடுவில் 'த்' இருக்கிறது. கொம்பும் காலும் அந்தந்த எழுத்தோடு ஒட்டியே திரும்ப வேண்டும், தனியாகப் பிய்த்தால் கணக்குக் கெட்டுவிடும்.

3. செல்போனில் 'ரிவர்ஸ்' செய்து சரிபார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். பல செயலிகள் கொம்பைத் தனியே, காலைத் தனியே புரட்டிப்போட்டுக் கண்றாவியாக்கிவிடும். கிழித்துப்போடும் தினசரிக் காலண்டர் தாளைச் சின்னச் சின்ன சதுரமாக வெட்டி, ஒரு சதுரத்துக்கு ஓர் எழுத்து எழுதி வரிசையாக அடுக்குங்கள். செலவும் இல்லை, மழை நாளில் பிள்ளைகளுக்கு விளையாட்டும் ஆச்சு.

4. இப்படி எழுத்து திரும்பும் செய்யுளுக்கு மாலைமாற்று என்று பெயர். திருஞானசம்பந்தர் சீகாழிக்குப் பாடிய மாலைமாற்றுப் பதிகம் மூன்றாம் திருமுறையில் 117ஆவது. மொத்தம் 11 பாட்டு, பாட்டுக்கு இரண்டே அடி. முதல் அடியைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பினால் இரண்டாம் அடி! ஆக 22 அடிகளுக்குப் பதில் 11 அடிகளை மனப்பாடம் செய்தால் போதும்.

5. அந்தப் பதிகத்தை எழுதிப் பழகும்போது முதல் அடியை மட்டும் புத்தகம் பார்த்து எழுதுங்கள். இரண்டாம் அடியை உங்கள் எழுத்திலிருந்தே திருப்பி எழுதி, பிறகு புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எங்கே பொருந்தவில்லையோ அங்கே முதல் அடியில் குறில் நெடில் தவறியிருக்கும். பிழை திருத்த இன்னொருவர் வேண்டியதில்லை.

6. திருப்பிப் பார்க்க, சந்தி பிரிக்காத மூலப் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று சொற்களைப் பிரித்துப் போட்ட பதிப்புகளில் ஓர் எழுத்து கூடும், ஓர் எழுத்து மாறும். பிரித்த பாடம் பொருளுக்கு, பிரிக்காத பாடம் கண்ணாடிக்கு.

7. மாலைமாற்றுக்குப் பொருளை நாமே ஊகிக்கலாம் என்று உட்கார்ந்தால் தலைவலிதான் மிச்சம். ஓரெழுத்துச் சொற்களும் பழைய சொற்களும் நெருக்கியடித்து நிற்கும். தருமபுரம் ஆதீனம் வெளியிட்ட உரைப்பதிப்பு நூலகத்தில் இருந்தால் அதைப் பார்த்து, பாட்டுக்கு ஒரு வரி சுருக்கம் உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

8. கண்ணாடி அமைப்பில் முதலில் தேட வேண்டியது நடுவிடம். எங்கள் ஊர்ப் பீங்கான் பட்டறைகளில் பொம்மை அச்சு இரண்டு பாதியாக இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டி மண் குழம்பை ஊற்றி எடுத்தால், பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். செய்யுளிலும் அந்தக் கோட்டைக் கண்டுபிடியுங்கள், இந்தப் பக்கம் இருப்பதற்கு ஜோடி அந்தப் பக்கம் தானாக அகப்படும்.

9. மொத்த எழுத்து ஒற்றைப்படையானால் நடுவில் ஓர் எழுத்து ஜோடியில்லாமல் நிற்கும். விகடகவியில் 'ட' அப்படி நிற்கிறது. இரட்டைப்படையானால் நடு எழுத்து இருக்காது, இரண்டு பாதிகளும் நேருக்கு நேர் முட்டும்.

10. சொந்தமாகக் கட்டிப் பார்க்க ஆசையா? 'மாடு', 'டுமா' இரண்டையும் இரு ஓரத்தில் வைத்துவிட்டு நடுவில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றுங்கள். மாடு ஓடுமா, மாடு ஆடுமா, மாடு பாடுமா, மாடு தேடுமா என்று வந்துகொண்டே இருக்கும்.

11. எங்கள் ஊர்ப் பழமலைநாதருக்குத் திருமுதுகுன்றம் என்ற பழம்பெயரில் சம்பந்தர் 7 பதிகங்கள் பாடியிருக்கிறார். அதில் முதல் திருமுறையின் 93ஆவது பதிகம் திருவிருக்குக்குறள் வகை, அடிகள் குட்டி குட்டியாக இருக்கும். அதில் கண்ணாடி வேலை கிடையாது, ஆனால் நாக்குப் பழக அதைவிட நல்ல பதிகம் இல்லை. அது சரளமான பிறகு மாலைமாற்றுக்குப் போங்கள்.

12. எழுத்தை அடுத்துச் சொல்லுக்கு வருவோம். சம்பந்தரின் மொழிமாற்றுப் பதிகத்தை (முதல் திருமுறை 117) அப்படியே படித்தால் சிவபெருமானுக்குக் காடு நகையாகவும், பாம்பு குடியிருக்கும் இடமாகவும் இருக்கும். பதற வேண்டாம், சொற்களைக் குறுக்காக மாற்றிப் போடுங்கள். காடு வீடாகும், பாம்பு நகையாகும்.

13. திருக்குறள் 410ஐ எடுத்துக்கொள்ளுங்கள், கல்லாமை அதிகாரத்தின் கடைசிக் குறள். விலங்கு, மக்கள் என்று முதலில் இரண்டைச் சொல்கிறார் வள்ளுவர். பிறகு நூல் கற்றவர், மற்றவர் என்று இரண்டைச் சொல்கிறார். நேர் வரிசையில் கூட்டினால் படித்தவர் விலங்காகிவிடுவார்! முதலுக்குக் கடைசி, நடுவுக்கு நடு என்று கூட்டினால்தான் கற்றவர் மக்கள், கல்லாதவர் விலங்கு என்று சரியாக வரும். இலக்கணத்தில் இதை எதிர்நிரல்நிறை என்பார்கள். பிள்ளைகள் பரீட்சைக்கு இதை உருப்போட்டுத் தவிக்கும்போது, 'நேராகக் கூட்டினால் வாத்தியாருக்குக் கோபம் வரும்' என்று சொல்லிக்கொடுங்கள், மறக்காது.

14. எதிர் வரிசையா நேர் வரிசையா என்று சந்தேகமா? நான்கு சொற்களையும் மேலே இரண்டு, கீழே இரண்டாக எழுதி, பொருந்துவதைப் பென்சிலால் இணையுங்கள். கோடுகள் பெருக்கல் குறி போல வெட்டிக்கொண்டால் எதிர்நிரல்நிறை, வெட்டாமல் இறங்கினால் முறை நிரல்நிறை.

15. ஒரு செய்யுள் முதல் வரியிலேயே பொருள் தொங்கி நின்றால், உடனே உரையைத் தேடாமல் கடைசிச் சொல்லைப் பாருங்கள். முடிவுச் சொல் முதல் சொல்லைப் போய்ப் பிடித்துக்கொள்ளும் வகை ஒன்று உண்டு. நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் அதுவும் ஒன்று, பூட்டுவில் என்று பெயர்.

16. எண் திரும்பும் பாட்டு வேண்டுமானால் திருவெழுகூற்றிருக்கை. ஒன்று, இரண்டு, ஒன்று என்று ஏறி இறங்கும். அடுத்து ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று. இப்படியே ஏழு வரை போகும். சம்பந்தர் சீகாழிக்கும், திருமங்கையாழ்வார் திருக்குடந்தைக்கும், அருணகிரிநாதர் சுவாமிமலைக்கும் பாடியிருக்கிறார்கள். எந்தப் படியில் நிற்கிறோம் என்பது எண்ணிலேயே தெரிவதால் வரி தவறினாலும் பிடித்துக்கொள்ளலாம்.

17. மார்கழியில் என்ன கோலம் போடுவது என்று விழிக்கும் நாளில் இதைப் போடுங்கள். முதல் வரிசையில் ஒரு கட்டம், அடுத்ததில் 3, பிறகு 5, 7, 9, 11, கடைசியில் 13. கூட்டிப் பார்த்தால் 49 கட்டம், ஏறக்குறையத் தேரின் மேல்பாகம் கிடைத்துவிடும். கட்டங்களில் எண்களை ஏற்றி இறக்கி எழுதினால் எழுகூற்றிருக்கையின் கட்டு கண்முன்னே நிற்கும்.

18. எண்ணைத் தேடும்போது கண்ணை மட்டும் நம்பாதீர்கள், காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். திருமங்கையாழ்வார் கஜேந்திரனை வர்ணிக்கும் இடத்தில் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்க வேண்டும். யானைக்கு மதம் மூன்று, காது இரண்டு, யானை ஒன்று, சரி. நான்குக்கு எங்கே போவது? தொங்குகிற வாய் என்ற பொருள் தரும் சொல்லிலேயே 'நால்' என்ற ஒலி இருக்கிறது, வேலை முடிந்தது. இந்த மாதிரி சிக்கனம் எந்த வீட்டிலும் பார்க்க முடியாது!

19. கும்பகோணம் போகிறவர்கள் இந்தப் பாட்டுகளை அங்கேயே படித்துப் பாருங்கள். சாரங்கபாணி கோயிலின் கருவறையே தேர் வடிவில்தான் இருக்கிறது, திருமங்கையாழ்வார் பாடியது அந்தப் பெருமாளைத்தான். சுவாமிமலையும் பக்கத்திலேயே இருப்பதால் ஒரே நாளில் இரண்டு எழுகூற்றிருக்கைத் தலங்களைப் பார்த்துவிடலாம்.

20. தினமும் எல்லாப் பதிகமும் படிக்க நேரமில்லையே என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு பழைய வழி. சம்பந்தரின் தந்தை சிவபாத இருதயர் மகனுடைய பதிகங்களை எல்லாம் நாள்தோறும் ஓத முடியாமல் சிரமப்பட்டாராம். அவருக்காகவே திருவெழுகூற்றிருக்கையைப் பாடி, இதை ஓதினால் போதும் என்று மகன் சொன்னதாகச் சைவ மரபில் ஒரு கதை. நேரத்தை மிச்சம் பிடிக்கும் யோசனை அந்த வீட்டிலும் இருந்திருக்கிறது பாருங்கள்.

21. வேதம் ஓதுகிறவர்கள் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் காப்பாற்றியதும் இந்தத் திருப்பல் வித்தையால்தான். ஜடை பாடத்தில் ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு என்று சொற்கள் போய் வரும். கன பாடத்தில் மூன்றாவது சொல்லும் சேர்ந்து ஒன்று-இரண்டு-மூன்று, மூன்று-இரண்டு-ஒன்று என்று புரளும். கனபாடிகள் என்ற பட்டம் அதில் தேர்ந்தவருக்கு.

22. அந்த வித்தையை வீட்டுக்கும் கொண்டு வாருங்கள். கரண்ட் பில் இணைப்பு எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து ஜடை முறையில் சில தடவை சொல்லுங்கள். திருப்பிச் சொல்லும்போது மனசு ஏமாற்ற முடியாது, அதனால் எண் நன்றாகப் பதியும்.

23. முன்னால் படித்தால் ராமர் கதை, பின்னால் படித்தால் கிருஷ்ணர் கதை என்று 30 சுலோகங்களில் ஒரு நூலே இருக்கிறது. காஞ்சிபுரம் பக்கத்து வேங்கடாத்வரி 17ஆம் நூற்றாண்டில் எழுதிய ராகவ யாதவீயம். இதில் திரும்பினால் அதே பாட்டு வராது, வேறு பாட்டு வரும், அதனால் இது மாலைமாற்றைவிட இன்னும் ஒருபடி மேலே. வடமொழி தெரியாதவர்களும் இப்படி ஒன்று இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

24. பைபிள் வாசிக்கும் தோழிகளுக்கு: ஏசாயா 6ஆம் அதிகாரம் 10ஆம் வசனத்தைப் பிள்ளைகளுக்குச் சைகையோடு சொல்லிக்கொடுங்கள். இருதயம், காது, கண் என்று போய், கண், காது, இருதயம் என்று திரும்பும். கையை நெஞ்சிலிருந்து ஏற்றி இறக்கினால் வசன வரிசை தவறவே தவறாது.

25. நோவாவின் பெருவெள்ளக் கதையில் நாள் கணக்கு குழப்புகிறதா? ஆதியாகமம் 7, 8 அதிகாரங்களில் வருகிற எண்களை ஒரே வரியில் எழுதுங்கள்: 7, 7, 40, 150, 150, 40, 7, 7. தாளை நடுவில் மடித்தால் எண்மேல் எண் உட்காரும். மடிப்பு விழுகிற இடத்தில்தான், 8ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், கடவுள் நோவாவை நினைத்துப் பார்க்கிறார், வெள்ளம் வடிய ஆரம்பிக்கிறது. கதையின் திருப்பம் எங்கே என்று தேட வேண்டியதே இல்லை.

26. மத்தேயு 19ஆம் அதிகாரம் முந்தியவர் பிந்துவதில் தொடங்கும் வாக்கியத்தோடு முடிகிறது. 20ஆம் அதிகாரம் 16ஆம் வசனத்தில் அதே கருத்து, பிந்தியவரில் தொடங்குகிறது. நடுவில் இருப்பது திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் கதை. இரண்டு வசனத்தையும் சேர்த்துப் படித்துவிட்டுக் கதைக்குப் போனால் கூலி ஏன் அப்படிக் கொடுக்கப்பட்டது என்பது சுலபமாகப் பிடிபடும்.

27. குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் யூசுஃப் நபியின் கதை. 4ஆம் வசனத்தில் சொன்ன கனவு 100ஆம் வசனத்தில் பலிக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கோள்கள் எல்லாம் தத்தம் வட்டத்தில் நீந்துகின்றன என்று சொல்லும் இடத்தில் (21:33, 36:40) ஒரு சிறு தொடரின் அரபு எழுத்துகள் இரு பக்கமிருந்தும் ஒன்றுபோலவே வரும், வட்டம் என்று சொல்லிவிட்டு எழுத்தையும் வட்டமடிக்க வைத்தாகிவிட்டது.

28. பெரிய நூலானால் நடுவைத் தேடி அலையாதீர்கள், இரண்டு ஓரங்களைப் பாருங்கள். சேக்கிழாரின் பெரியபுராணம் சுந்தரர் கயிலையிலிருந்து இறங்குவதில் தொடங்கி, வெள்ளானையில் கயிலைக்குத் திரும்புவதில் முடிகிறது. திருமலைச் சருக்கத்தையும் வெள்ளானைச் சருக்கத்தையும் முதலில் படித்துக்கொண்டால் நடுவில் உள்ள நாயன்மார்களை எந்த வரிசையில் படித்தாலும் வழி தப்பாது.

29. எங்கள் ஊர்க்கதை இந்தப் பாடத்துக்கென்றே செய்ததுபோல இருக்கும். சுந்தரர் திருமுதுகுன்றத்தில் 12,000 பொன் பெற்றார், அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளும்படி இறைவன் சொன்னார். கெட்டிக்காரர் சுந்தரர், தரம் ஒத்துப்பார்க்கப் பொன்னிலிருந்து ஒரு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டுதான் ஆற்றில் போட்டார். தில்லையில் கூத்தனை வணங்கிவிட்டு ஆரூர் போய், குளத்தில் இறங்கித் தேடினால் பொன் சட்டென்று கிடைக்கவில்லை, பாடிய பிறகே வந்தது. மச்சத்தோடு ஒத்துப் பார்த்தால் தரம் குறைவு, மறுபடி பாடித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. மச்சம், ஆறு, தில்லை, குளம், மச்சம் என்று ஐந்து சொல்லை எழுதிக்கொள்ளுங்கள், முழுக்கதையும் வரிசை மாறாமல் வந்துவிடும். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிறாயே' என்று யாராவது கேலி செய்தால், எங்கள் ஊரில் அது கேலியே இல்லை! இந்தக் கதை ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துக்குள் இருக்கிறது, சுந்தரர் பெயரில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

30. அந்தாதியைக் கண்ணாடி என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகும், திரும்பி நடக்காது. திருவாய்மொழியிலும் அபிராமி அந்தாதியிலும் கடைசிப் பாட்டு முதல் பாட்டோடு போய்ச் சேரும், அது வளையம். மனப்பாடத்துக்கு அதுவும் நல்ல கைப்பிடிதான்.

31. மடக்கும் வேறு. அதே எழுத்துக் கூட்டம் வேறு பொருளில் திரும்ப வரும், ஆனால் வரிசை நேராகவே இருக்கும்.

32. பழைய சதுரங்கப் பலகை காய் தொலைந்து பரணில் கிடக்கிறதா? தூக்கிப் போடாதீர்கள். தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில் சருப்பதோபத்திரம் என்று ஒன்று உண்டு, 64 கட்டத்துக்கு எழுதுவது. மேலிருந்தும் கீழிருந்தும், வலமும் இடமுமாகப் படிக்கலாம். பாட்டு கிடைத்தால் காலண்டர் துண்டுகளில் எழுதிக் கட்டத்தில் அடுக்கிப் பாருங்கள், விடுமுறை மதியம் போவதே தெரியாது.

33. கண்ணாடி அமைப்பு ஒரு முறை பிடிபட்டுவிட்டால் பார்க்கிற பாட்டில் எல்லாம் அதுவே தெரியும், கொஞ்சம் ஜாக்கிரதை. அதே சொல்லோ அதே பொருளோ தெளிவாக ஜோடி சேர வேண்டும், இடையில் இருப்பதை ஒதுக்கிவிட்டு ஜோடி கட்டக் கூடாது. இழுத்துப் பிடித்து நீங்கள் விளக்கினால்தான் தெரியும் என்றால் அது அந்தப் பாட்டில் இல்லை என்று விட்டுவிடுங்கள்.

34. குழுவாகப் பாராயணம் செய்கிறவர்கள் மாலைமாற்றை இரண்டு கட்சியாகப் பாடலாம். ஒரு பக்கத்தார் முதல் அடி, எதிர்ப்பக்கத்தார் புத்தகம் பார்க்காமல் திரும்பும் அடி. அடுத்த பாட்டில் கட்சி மாற்றிக்கொள்ளுங்கள், தூங்கி வழிகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

35. கணக்கு இதுதான்: நாளைக்கு ஓர் அடி என்று எடுத்தால் சீகாழி மாலைமாற்று 11 நாளில் கைக்கு வந்துவிடும். வருகிற திங்கட்கிழமையே ஆரம்பித்துவிடுங்கள், பக்கத்து வீட்டுத் தோழியையும் எதிர்க்கட்சிக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.